கை வைக்க ஓர் இடம்

என் அத்தானின் வலது உள்ளங்கை எதன்மேலும் படாது. மேசைமேல் படாது, சுவர்மேல் படாது, உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது ஊன்றிக்கொள்ளக்கூடப் படாது. விரல் நுனியிலேயே குடும்பம் நடத்துகிற மனுஷன். அவர் எலெக்ட்ரிக் கிடார் வாங்கி வந்த நாள்வரை இதை நாங்கள் யாரும் கவனித்ததில்லை. கவனித்த பிறகு எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. நான் கொஞ்சம் கோபக்காரன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஒருமுறை அமுக்கினால் போதும் என்று எழுதி ஒட்டியிருக்கிற பொத்தானைப் பத்துமுறை அமுக்கும் ஜனங்களோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டுகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

அத்தான் கண்ணாடிக் கடைக்காரர். ஜன்னல் கண்ணாடி வெட்டுவார், முகம் பார்க்கும் கண்ணாடிக்கு விளிம்பு தேய்ப்பார், படங்களுக்குச் சட்டம் போடுவார். பத்தொன்பது வயதில் தொட்ட வேலை, இப்போது ஐம்பது. என் அக்காவைக் கட்டி இருபத்தாறு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. டீயில் சர்க்கரை போட மறந்தால் அப்படியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிற ஆள். அப்படிப்பட்டவர் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு கேட்டார்.

“மச்சான், உங்க குரூப்ல என்னையும் சேத்துக்குவீங்களா?”

நான் என்ன சொல்ல முடியும்? உள்ளே வாங்க என்றேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

குரூப் என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, நாங்கள் மூன்று பேர்தான். டிரம்ஸ் வாசிப்பவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஆயுசு பூராவும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே பழகியவர் என்பதால் அவருக்கு ‘பிரேக்’ என்றே பெயர். பாட்டிலும் அப்படித்தான். யாராவது கொஞ்சம் பிசகினால் உடனே நிறுத்திவிடுவார். பாடுவதும் கீபோர்டு வாசிப்பதும் ஒரு நர்ஸ். நான் பேஸ் கிடார். சனிக்கிழமை மதியம் டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில், சாலை விதிப் படங்கள் மாட்டிய சுவருக்கு முன்னால் கூடுவோம்.

நர்ஸ் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். அவருடைய ஆஸ்பத்திரி ஊழியர்களின் ஆண்டு விழாவில் அதைப் பாடுவதாக ஏற்பாடு. அதில் இரண்டு நிமிஷம் கிடார் அடக்கி வாசிக்க வேண்டும். கம்பிகள் கிடாரின் உடம்பில் வந்து முடிகிற இடத்தில் ஓர் இரும்புத் தகடு இருக்கும், அதற்கு பிரிட்ஜ் என்று பெயர். சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற உள்ளங்கைச் சதையை அதன்மேல் லேசாக வைத்துக்கொண்டு பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையால் தட்டினால், கம்பி முழங்காமல் ‘டுக், டுக்’ என்று வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் ஒலிக்கும். கையை எடுத்தால் ஊரைக் கூட்டும். கையை வைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

பிரேக் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். “விழாவுக்கு நாலு மாசம் இருக்கு. அதுக்குள்ள கை உக்காந்துட்டா சார் தாராளமா மேடை ஏறட்டும். உக்காரலைன்னா அந்த இடத்தை நர்ஸம்மா கீபோர்டுல வாசிச்சுடுவாங்க. அப்புறம் சிபாரிசுக்கு வராதே தம்பி.”

அத்தானுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு நிமிஷம்தான். இடது கையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அளவு பார்த்தே பிழைத்தவர், விரலை எங்கே வைக்கச் சொன்னாலும் மயிரிழை பிசகாமல் வைப்பார். வலது கைதான் வினை. அது கம்பிகளுக்கு மேலே ஓர் அங்குல உயரத்தில், மிதந்துகொண்டே நிற்கும். மூன்றாவது கம்பியைத் தட்டப் போய் இரண்டாவதைத் தட்டும். பத்து நிமிஷத்தில் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். அக்கா தினமும் தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே மருந்துக்கடை வாசனை அடித்தது.

முதலில் சுண்டுவிரலை ஊன்றிக்கொள்ளச் சொன்னேன். ஊன்றினார். ஊன்றிய இடம் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு. வாசிக்க வாசிக்க விரல் அதை இறக்கிக்கொண்டே வந்து, பாட்டு பாதியில் கிடார் சுத்தமாக ஊமையாகிவிட்டது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு ரசித்து வாசித்துக்கொண்டிருந்தார். நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து முன்கையை கிடாரின் மேல் விளிம்பில் சாய்க்கச் சொன்னேன். சாய்த்தார், அரை மணியில் விரல்கள் மரத்துப் போயின. வாரைச் சுருக்கிக் கிடாரை நெஞ்சுவரை தூக்கினோம், இறக்கி இடுப்புக்குக் கீழே விட்டோம். பிக்கை மாற்றினோம், நாற்காலியை மாற்றினோம். வீடியோவில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்து பார்த்தார். உள்ளங்கையை மட்டும் பிரிட்ஜில் வைக்க மாட்டார். வைத்தாலும் சூடு பட்டவர்போல் அடுத்த நொடியே தூக்கிவிடுவார்.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்கே போய், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

“ஏன் அத்தான், அந்த இரும்பு என்ன கடிக்குதா? வெச்சாத்தான் என்ன?”

அவர் மேசைமேல் கிடந்த பெரிய கண்ணாடித் தகட்டின்மீது மரச் சட்டத்தை வைத்து, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு எடுத்தார். மணிக்கட்டு விறைத்து நின்றது. தோளிலிருந்து மொத்தக் கையும் ஒரே இழுப்பாகப் பின்னால் வந்தது. நடுவில் நிற்கவில்லை, கண்ணாடியில் தோல் படவில்லை. தட்டினார், நூல் பிடித்தமாதிரி உடைந்து வந்தது.

“உள்ளங்கை பட்டா ரேகை விழும் மச்சான். வெளிப்பக்கம் விழுந்தா துடைச்சுக்கலாம். உள்பக்கம் விழுந்ததைப் பாக்காம சட்டம் போட்டு, பின்னாடி டேப்பும் ஒட்டியாச்சுன்னா போச்சு. முப்பத்தொரு வருஷமா ஒரு தடவைகூட அப்படி வுட்டதில்ல. இந்தக் கைகிட்டப் போயி இப்ப வையின்னா, அது எப்படி வைக்கும்?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதோடு சும்மா இருந்திருக்கலாம். நான் லிஃப்ட்காரன், கோளாறு தெரிந்துவிட்டால் கை அரிக்கும்.

“அப்ப பழக்கத்தை மாத்துங்க. எங்கெங்க கை வைக்க இடம் கிடைக்குதோ அங்கெல்லாம் வைங்க. மேசை, கதவு, சுவரு, பஸ் ஜன்னல், எல்லாத்துலயும். யோசிக்காதீங்க. கை அதுபாட்டுக்குப் போய் உக்காரணும்.”

அவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மறுநாளிலிருந்து கண்ட இடத்திலெல்லாம் கை வைக்க ஆரம்பித்தார். ஃபிரிட்ஜ் கதவில், டிவி மேல், மாடிப்படிக் கைப்பிடியில். பேசிக்கொண்டே என் தலையில்கூட ஒருநாள் வைத்தார். அக்கா போனில் சொன்னாள், “டேய், உங்கத்தான் இன்னிக்கு என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு டிவி பாத்தாருடா. இருபத்தாறு வருஷம் கழிச்சு. என்னத்தடா சொல்லிக் குடுத்த?” சிரித்துக்கொண்டே சொன்னாள், அதையே இரண்டு முறை சொன்னாள்.

கைக்கும் புத்தி வந்தது. ஐந்தாவது வாரம் சனிக்கிழமை, உள்ளங்கை தானாகப் போய் பிரிட்ஜில் உட்கார்ந்தது. ‘டுக், டுக்’ என்று இரண்டு நிமிஷமும் அடங்கி வந்தது. பிரேக் நிறுத்தவே இல்லை. முடிந்ததும் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, “சார், எங்க இருந்தீங்க இவ்வளவு நாளா?” என்றார். அத்தான் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை. சாதித்துவிட்டோம் என்று நான்தான் அதிகமாகத் துள்ளினேன்.

ஐந்து நாள்கூட அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. வியாழக்கிழமை கிடாருக்குப் புது வார் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். ரிட்டையர் ஆன ஒரு டீச்சரம்மா, துணியில் சுற்றிய படம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். முந்தின வாரம்தான் அத்தான் சட்டம் போட்டுக் கொடுத்தது. இறந்துபோன அவருடைய கணவரின் பெரிய படம்.

“சண்டைக்கு வரலப்பா. வாங்கிட்டுப் போனப்பத் தெரியல. காலைல ஜன்னல் வெயில் பட்டதும்தான் பாத்தேன். அவர் மூஞ்சிய யாரோ கையால பொத்தின மாதிரி இருக்கு. துடைச்சுப் பாத்தேன், போகல.”

அத்தான் படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். கண்ணாடியின் உள்பக்கத்தில், அந்தப் பெரியவரின் நெற்றியிலிருந்து வாய்வரை, ஒரு முழு வலது உள்ளங்கை பதிந்திருந்தது. ரேகை ரேகையாக எண்ணலாம்.

அது யார் கை என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் யார் வைக்கச் சொன்ன கை என்பது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. டேப்பைக் கீறி, ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தார். துடைத்தால் போயிருக்கும். அவர் துடைக்கவில்லை. புதிதாக ஒன்று வெட்டிப் போட்டார். டீச்சரம்மா போகும்வரை “மன்னிச்சுக்குங்கம்மா” என்பதை மூன்று முறை சொன்னார். பழைய கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி மேசைக்குக் கீழே வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை கை மறுபடியும் அந்தரத்தில் நின்றது. பிரேக் நிறுத்தினார். திரும்ப ஆரம்பித்தோம், திரும்ப நிறுத்தினார். நாலாவது தடவை குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விழாவுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. அத்தானை வெளியே, பயிற்சி வண்டிகள் நிற்கிற இடத்துக்கு அழைத்துப் போனேன். வெறுப்பு எனக்கு என்மேல்தான், ஆனால் வாயில் வந்தது அவர்மேல்.

“வந்த கை எங்க அத்தான் போச்சு? ஒரு படம்தானே? மாத்திக் குடுத்தாச்சுல்ல? அதுக்காக இத்தன மாசம் பட்ட பாட்டைத் தூக்கிக் குப்பைல போடுவீங்களா?”

“நான் போடல மச்சான். வையின்னுதான் சொல்றேன். அது கேக்க மாட்டேங்குது.” கொஞ்ச நேரம் தன் கையை மடக்கி விரித்தார். “கடைக்கு ஒரு புத்தி, இங்க ஒரு புத்தின்னு அதுக்குப் பிரிக்கத் தெரியல. அந்தம்மா துணியப் பிரிச்சாங்களே, அதுவே கண்ணுல நிக்குது. நான் ஒண்ணு கேக்கறேன். கை இப்படியே மேலயே நின்னா, சேத்துக்குவீங்களா, மாட்டீங்களா?”

இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்டது இரண்டே தடவை, இரண்டும் ஒரே கேள்வி. பிரேக்கைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் சொல்லியனுப்பியிருக்கலாம். என் வாயாலேயே வரவேண்டும் என்று இருந்திருக்கிறது.

“கஷ்டம் அத்தான்” என்றேன். அது பதிலாகாது என்பதுபோல் அவர் நின்றுகொண்டே இருந்தார். “இல்ல. முடியாது.”

“சரி” என்றார். உள்ளே போய், கிடாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து, எல்லோரிடமும் வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். அன்று மாலை அக்கா போன் செய்து, பேசாமலே வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

விழாவுக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். அக்காவோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. அந்த இரண்டு நிமிஷத்தை நர்ஸ் கீபோர்டில் வாசித்தார். பாட்டு முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பாராட்டி ஒரு வார்த்தை பேசாத பிரேக், மேடையிலேயே என் முதுகில் தட்டி, “இதுதான்டா சரியான அமைப்பு” என்றார்.

எல்லாம் முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, யாரும் கூப்பிடாமலே அத்தான் வந்து ஸ்பீக்கரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கி உள்ளே தள்ளினோம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது சொல்லி அவரைத் தேற்ற வேண்டும் என்று இருந்தது.

“என்ன இருந்தாலும் கிடார் இல்லாம பாட்டு நடுவுல ஓட்டையாப் போச்சு அத்தான். நீங்க இருந்திருக்கணும்.”

அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.

“நான் முன்னாடிதான மச்சான் உக்காந்திருந்தேன்” என்றார். “ஒரு ஓட்டையும் இல்ல.”