அண்ணி கரைத்த ஆரத்தி

ஆரத்தித் தட்டு என்றால் சிவப்பாக இருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து வருகிற அந்தச் சிவப்பைத் தேர்தல் தேர்தலாகப் பார்த்தவன் நான். ஓட்டு சீசன் வந்தால் என் ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர் ஏறிவிடும். சிதம்பரத்திலிருந்து குமராட்சி வரைக்கும் ஊர் ஊராகப் போய், வேட்பாளர் வருகிறார் என்று கத்த வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. யாராவது நோட்டீஸைப் படித்துக் காட்டினால் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவேன். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. கொள்கை என்ன என்று கேட்டால் டீசல் என்பேன். அப்படிப்பட்டவன் ஒரு மத்தியானம் எங்கள் ஊர் முனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பார்த்தால், தட்டில் இருந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. தட்டைப் பிடித்து நின்றவர் என் அண்ணி.

அண்ணன் வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறார். வயலைப் பார்ப்பது, நடவுக்கு ஆள் பிடிப்பது, என்னை மாதிரி ஒரு கொழுந்தனுக்குச் சோறு போட்டுத் திட்டுவது எல்லாம் அண்ணிதான். அந்த வருடம் சம்பா அறுத்து உளுந்து விதைத்திருந்த வயலில், ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்து மஞ்சள் பெயிண்ட் அடித்த குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். கேஸ் கொண்டுபோகிற குழாய் அந்த வழியாகப் போகிறதாம். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், அடியில் குழாய் போகும், மேலே பயிர் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களோடு வந்த சார் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அண்ணியும் பொறுமையாகத்தான் கேட்டார். “நெஞ்சுல ஓட்டய போட்டுட்டு மேல சட்ட போட்டுக்கன்ற மாதிரி இருக்கு சார்” என்றார். அந்தக் குழாய் பதிந்தால் அங்கே போர் போட முடியாது, ஆழமாகத் தோண்ட முடியாது, கசிந்தால் ஓடவும் முடியாது. அண்ணிக்கு இருந்தது அந்த ஒரு வயல்தான்.

வயல் மட்டும்தான் அவர் கவலை என்று நான் நினைத்திருந்தேன். “ஐப்பசியில நெதானமா பெஞ்ச மழ இப்ப ஒரே நாள்ல கொட்டி வயல முழுவடிச்சிட்டுப் போவுது. பூமிலேந்து எடுத்து எரிச்சதாலதான் வானமே கெட்டுச்சுன்றாங்க. அதையே இன்னும் எடுக்க என் வயலு வழியா வழி கேக்கறாங்க” என்று ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். நான் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன்.

மஞ்சக்குப்பம் போய் கலெக்டர் ஆபீஸில் ஊரார் மனு கொடுத்தார்கள். பரிசீலனை என்றார்கள். அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. நடவுக்குப் போகிற பெண்களை எல்லாம் கோயில் வாசலில் உட்கார வைத்து அண்ணி பேசினார். “அஞ்சு வருசத்துல இந்த ஒரு மாசந்தான் அவுங்க நம்ம வாசலுக்கு வர்றாங்க. இத வுட்டா நாமதான் அவுங்க வாசல்ல போயி நிக்கணும்.” எல்லா ஊரிலும் செய்கிற மாதிரி ஆரத்தி எடுப்பது, ஆனால் சுண்ணாம்புக்குப் பதில் குச்சி நட்ட இடத்து மண்ணைக் கரைத்து எடுப்பது என்று முடிவானது. வீட்டில் இருந்த எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. என் வாய்க்கு ஸ்பீக்கர் இருக்கிறதே.

வேட்பாளர் ஜீப்பிலிருந்து இறங்கினார். தட்டைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கும்பிட்டுத் தலை குனிந்தார். அண்ணி விரலால் வழித்து நெற்றியில் வைத்தார். கறுப்புச் சேறு மூக்கு வரைக்கும் இறங்கியது. கட்சிக்காரர் ஒருவர் துண்டோடு பாய்ந்தார். “ஆரத்திப் பொட்ட அழிச்சா ஆவாதுங்க, ஓட்டு நேரத்துல” என்றார் ஒரு பெண். வேட்பாளர் அந்தத் துண்டைத் தானே தள்ளிவிட்டார். தட்டில் காசு போட வந்த கையை அண்ணி தடுத்தார். “காசு வேணாங்க. குழா வராதுன்னு சொல்லுங்க, போதும்.”

வேட்பாளர் கட்சிக்காரரைப் பார்த்தார், கட்சிக்காரர் ஜீப்பைப் பார்த்தார். மைக் பிடிக்கிற தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: சத்தம் நின்றால் நமக்குக் கை கால் ஓடாது. வேட்பாளர் இருமினால்கூட அதற்கு ஒரு விளக்கம் கொடுத்துவிடுவோம். என் வாய் தானாகத் திறந்தது. “நமது வேட்பாளர் அவர்கள், விளைநிலத்தில் குழாய் பதிக்க ஒருபோதும் விடமாட்டேன் என்று இதோ உங்களிடம் உறுதி கூறுகிறார்கள்.” ஊர் கை தட்டியது. வேட்பாளருக்கும் அப்பாடா என்று இருந்திருக்கும். நாளைக்கு, ஆட்டோக்காரன் உளறினான் என்று சொல்லிவிடலாமே.

அண்ணி மட்டும் கை தட்டவில்லை. “நீ காலையில ஒருத்தருக்குச் சொல்ற, சாயந்தரம் வேற ஒருத்தருக்குச் சொல்ற. நீ சொன்னா செல்லாது தம்பி. மைக்க அவருகிட்ட குடு.”

கொடுத்தேன். அத்தனை செல்போனும் மேலே எழும்பின. அவர் மண் காயாத முகத்தோடு, குழாய் வராது என்று தன் வாயாலேயே சொன்னார். கூட்டம் கலைந்ததும் கட்சிக்காரர் என்னிடம் வந்தார். “யோவ், ஒன்ன எவன்யா பேசச் சொன்னான்? ஸ்பீக்கர அவுத்துடு.” அன்றைக்கு என் வேலை போனது. மறுநாள் எதிர்க்கட்சி வண்டியில் ஏறினேன். அந்த வேட்பாளர் ஊர் எல்லையிலேயே நெற்றியைத் துடைத்துத் தயாராக வந்தார். வீடியோ அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

யார் ஜெயித்தால் என்ன, நெற்றியில் எங்கள் மண் படாத ஆள் போட்டியிலேயே இல்லை. மழைக்கு முன்னால் குழி தோண்டும் மெஷின் வந்தபோது, ஜெயித்தவரே வரப்பில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. மெஷின் திரும்பியது. குச்சிகளைப் பிடுங்கினார்கள், ஊரில் வெடி போட்டார்கள், நானும் என் பங்குக்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டேன். அண்ணி, குழாய் இனி எந்த வழியாகப் போகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கம்மாபுரம் பக்கம் பேச்சு அடிபடுவதாகச் சொன்னார்கள். “அங்க இருக்கறதும் வயலுதான” என்று மட்டும் சொன்னார்.

இப்போது மறுபடியும் தேர்தல். முன்பெல்லாம் கட்சிக்காரர்கள் என்னிடம் வாடகையைக் குறைக்கத்தான் பேசுவார்கள். போன வாரம் கம்மாபுரத்திலிருந்து கட்சிக்காரர் ஒருவர் போன் செய்து, “அண்ணே, ஒங்க அண்ணி இங்க வந்து பொம்பளைங்கள கூட்டி வெச்சுப் பேசிக்கிட்டு இருக்காங்க. எங்க ஆளு வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வரலாமா?” என்று கேட்டார்.

“தாராளமா போடட்டும்” என்றேன். “அவுங்க சட்டயப் பாக்க மாட்டாங்க. குனிஞ்சவரு நிமிந்து என்னா சொல்றாருன்னுதான் பாப்பாங்க.”