உடன் வராத ஒருவரின் எண்

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்த ஒரு சனிக்கிழமை நடந்தது இது. அப்போது சான் ஹோசேயில் ஓர் அபார்ட்மென்டின் மாடியில் குடியிருந்தோம். நான், கணவர், ஆறு வயது மகள்.

வகுப்பில் பனியையே பார்க்காதவள் தான் மட்டும்தான் என்று மகள் ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். கிழக்கே சியரா மலையில் ஒரே நாளில் போய்த் திரும்பும்படி ஓர் இடம் இருந்தது. கம்பியில் தொங்கும் கூண்டில் உச்சிக்குப் போகலாம், ரப்பர் வளையத்தில் அமர்ந்து பனிச்சரிவில் வழுக்கலாம், தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டியில் மலையைச் சுற்றி இறங்கலாம். டிசம்பரிலேயே திட்டமிட ஆரம்பித்துவிட்டேன்.

நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள். ஓர் ஊருக்குப் போகுமுன் அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவிடுவேன். பழைய ஆண்டுகளில் அந்த வாரம் எப்படிப் பனி பெய்தது, பனியில் வழுக்காமலிருக்க எந்த இடத்தில் டயருக்குச் சங்கிலி மாட்டச் சொல்வார்கள், உயரத்தில் தலைவலி வந்தால் என்ன செய்வது, எல்லாம் குறித்துக்கொண்டேன். கணவரை மழையில் நிற்கவைத்து, சங்கிலியை மாட்டிக் கழற்றச் சொல்லிப் பழக்கினேன்.

"இது ட்ரிப்பாடி, இல்ல ராக்கெட் விடப்போறியா?" என்றார் அவர்.

டிக்கெட் வாங்கும்போது, அடிபட்டால் நாங்களே பொறுப்பு என்று ஒரு படிவம் வந்தது. கடைசியில் அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண் கேட்டார்கள். அன்று எங்களுடன் வராதவராக இருக்க வேண்டுமாம்.

அங்கே நின்றுவிட்டேன். அண்ணன் மதுரையில், இந்திய எண்ணை அது ஏற்கவில்லை. கல்லூரித் தோழி நியூ ஜெர்சிக்குப் போய்விட்டாள். நெருங்கிப் பழகிய ஒரே குடும்பம், லேஆஃபில் வேலை போன பிறகு சென்னைக்கே திரும்பிவிட்டது. ஒன்பது வருடம் வாழ்ந்த ஊரில் எழுத ஓர் எண் இல்லை.

"யாரையாவது போடு. எல்லாம் ஃபார்மாலிட்டி" என்றார் கணவர்.

கீழ்வீட்டு ஆன்ட்டியின் எண்ணைப் போட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கணவரை இழந்தவர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் வேலை, வார இறுதியில் இட்லி மாவு அரைத்து விற்பார். 'இரண்டு டப்பா' என்று மெசேஜ் அனுப்பினால் படிக்கட்டில் வைத்துவிடுவார். எங்கள் பழக்கம் அவ்வளவுதான். உறவுமுறை என்ற இடத்தில் அத்தை என்று நிரப்பினேன். அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

அன்று விடியுமுன் கிளம்பி, நினைத்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். வானம் தெளிவாக இருந்தது. மகளின் கையுறையை எடுக்கக் கணவர் காரைச் சுற்றி வந்தார். கார் நிறுத்துமிடத்தில் தரையோடு தரையாக உறைந்து கிடந்த பனிக்கட்டி யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். என் திட்டத்தில் மலை முழுவதும் இருந்தது. கார் நிறுத்துமிடம் மட்டும் இல்லை.

எழுந்து பேன்டைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." நுழைவு வரிசையில் நிற்கும்போது என்னிடம் திரும்பி, "நாம எங்க வந்திருக்கோம்?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் அதையே மறுபடி கேட்டார். பிறகு வாந்தி எடுத்தார்.

முதலுதவி அறையில் ஒரு பெண் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உடனே ஆம்புலன்ஸை வரவழைத்தாள். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டியில் பெரியவர் ஒருவர் ஏறலாம், குழந்தையை ஏற்ற முடியாது என்றார்கள். எனக்கோ லேர்னர்ஸ் பெர்மிட் மட்டும்தான், தனியாக ஓட்டக் கூடாது. கார் சாவி கையில் இருந்தும் பயனில்லை. கணவர் தனியாகப் போனார். கதவு மூடும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் யார் என்ற தெளிவு இல்லை.

"அம்மா, இஸ் அப்பா கோயிங் டு டை?" என்றாள் மகள்.

"இல்லடா" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூளையில் ரத்தக் கசிவு, அறுவை செய்ய என் சம்மதம் வேண்டும் என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் சிரிக்கும் பனிச்சறுக்குக் குடும்பத்தின் படத்தைப் பார்த்தபடி சரி என்றேன். வெளியே மேகம் மூடிப் பனி கொட்டத் தொடங்கியது.

முதலுதவிப் பெண் வந்து, "உன் அத்தையிடம் பேசிவிட்டேன். கிளம்பிவிட்டார்" என்றாள். எந்த அத்தை என்று எனக்கு விளங்கவில்லை. என் அத்தைகள் எல்லோரும் தமிழ்நாட்டில் அல்லவா இருக்கிறார்கள்?

சற்றைக்கெல்லாம் என் போன் அடித்தது. கீழ்வீட்டு ஆன்ட்டி, படிவத்தில் நான் நிரப்பிய அத்தை. "கண்ணு, நான் வந்துட்டே இருக்கேன். அழுவாத. பாப்பாவுக்குத் திங்க ஏதாச்சும் குடுத்தியா?"

சாயங்காலம் வந்து சேர்ந்தார். டேகேருக்குப் போடும் மெல்லிய ஸ்வெட்டர், காலில் சாதாரண ஷூ. பனியில் வண்டி ஓட்டியதே இல்லையாம். அடிவாரத்தில் சங்கிலி விற்றுக்கொண்டு நின்ற ஒருவரிடம் வாங்கி, அவரையே டயருக்கு மாட்டச் சொல்லி, விளக்குகளைச் சிமிட்டவிட்டு ஊர்ந்து ஏறியிருக்கிறார்.

"பின்னாடி வர்றவனெல்லாம் ஹார்ன் அடிச்சான். அடிச்சுக்கட்டும், எனக்கென்ன" என்றார். கொண்டுவந்த தயிர்சாதத்தைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினார். அதே வேகத்தில் எங்களை மலை தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில் வண்டியில் மாட்டியிருந்த அவர் போன் ஒளிர்ந்தது; என் பழைய மெசேஜ்கள் திரையில் இருந்தன. என் பெயரைச் சேமித்திருக்கவில்லை. 'மாடி வீடு ரெண்டு டப்பா' என்றிருந்தது.

கணவர் பிழைத்தார். ஐந்து நாட்கள் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆன்ட்டி வேலைக்கு லீவு சொல்லி, பக்கத்து மோட்டலில் மகளோடு இருந்தார். கேட்காமல் எண்ணைக் கொடுத்ததற்கு மன்னிக்கச் சொன்னேன்.

"தெரியாத நம்பர்னா நான் எடுக்கறதே இல்ல கண்ணு. எல்லாம் இன்சூரன்ஸ்காரனுங்க. அன்னிக்கு என்னமோ எடுத்துட்டேன்."

அந்த 'என்னமோ'வை அன்றிரவு நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டர் ஆபீஸ்ல எனக்கும் அவசரத்துக்குக் கூப்பிடற எடத்துல பையன் நம்பர் ஒண்ணுதான் இருக்கு. அவன் மீட்டிங்னா எடுக்க மாட்டான். உன் நம்பரையும் சேத்துக்கட்டுமா?"

கணவருக்கு நினைவு திரும்பியது, வாசனை அறியும் திறன் திரும்பவில்லை. தலையில் அடிபட்டால் அப்படி ஆவதுண்டாம். மாவு புளித்துவிட்டதா என்று மோந்து பார்ப்பது வீட்டில் அவர் வேலையாக இருந்தது. இப்போது டப்பாவை என்னிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார். மகள் அதன்பின் பனி என்ற பேச்சை எடுக்கவில்லை.

கடந்த கோடையில் ஆன்ட்டி, மகனோடு இருக்க, வேறு மாநிலத்தில் உள்ள ரிச்சர்ட்சனுக்குப் போய்விட்டார். அதற்குள் நான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டது நான்தான். உள்ளே போகுமுன், "உன் நம்பரை அங்கயும் குடுப்பேன், பாத்துக்க" என்றார். இவ்வளவு தொலைவிலிருந்து நான் எப்படி ஓடிவருவேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், அது அவரைப் பற்றியதாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு, முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.