ஹெட்லைட்டுக்கு நடந்த பஞ்சாயத்து

நாட்டாமை வந்திருந்தார். மெம்பர் வந்திருந்தார், பதவி போய் ரொம்ப நாளாகியும் அவரை மெம்பர் என்றுதான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். டீக்கடைக்காரர், அம்மா, பள்ளிக்கூட விடுதியிலிருந்து லீவு போட்டு வந்த நான், இன்னும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர். நடுவில் ஒரு சாக்கை விரித்து, மெம்பருடைய வேனின் உடைந்த ஹெட்லைட்டை அதன்மேல் வைத்திருந்தார்கள். வராதவர் அப்பா மட்டும்தான். கால் எலும்பு முறிந்து திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய சைக்கிளையும் யாரும் எடுத்து வரவில்லை. அடிபட்டது அந்த ஹெட்லைட்தான் என்பதுபோல எல்லோரும் அதையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது பெரிய மர்மமில்லை. அப்பா காவலூரிலிருந்து சைக்கிளில் தன் ஓரமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். மெம்பர் கீழேயிருந்து வேனில் ஏறி வந்தார். அவருடைய புளி கோடவுன் சாலைக்கு அந்தப் பக்கம், அதாவது அப்பா வந்த பக்கம். நிற்கவில்லை, விளக்குப் போடவில்லை, கைகூடக் காட்டவில்லை. சொந்த வீட்டு வாசலில் நுழைவது மாதிரி குறுக்கே திருப்பினார். நேரே வந்த அப்பா வேனில் மோதி விழுந்தார்.

எங்கள் மலையில் ஒரு விதி உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் நின்று வழிவிட வேண்டும். நல்ல விதி. குறுகலான வளைவில் பாரம் ஏற்றிய வண்டி நின்றுவிட்டால் பின்னால் உருண்டுவிடும், அதற்காக வந்தது. அந்த நல்ல விதியைத்தான் மெம்பர் தன் கோடவுன் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார்.

"நான் ஏறி வந்தேன், அவன் எறங்கி வந்தான். யாரு நிக்கணும்? நீங்களே சொல்லுங்க. நான் இன்னா, வேணும்னா இடிச்சேன்?"

"ஏர்ற வண்டிக்குத்தானே வழி" என்றார் டீக்கடைக்காரர். மெம்பரிடம் அவருக்குக் கடன் இருந்தது. கடன் இல்லாதவர்களும் தலையாட்டினார்கள், அதுதான் எனக்கு இன்றுவரை அருவருப்பு.

அம்மா மட்டும் எழுந்து, "அவரு அங்க ஏர்லீங்களே, உள்ள திரும்புனாருங்களே" என்றார்.

"நீ எந்த வண்டி ஓட்டுற, லாரியா பஸ்ஸா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. நாட்டாமையும் சிரித்தார். சிரித்த வாயாலேயே, ஹெட்லைட்டுக்கான காசை நாங்கள் தர வேண்டும் என்று சொன்னார். சாமை விற்று வைத்திருந்ததிலிருந்து அம்மா கொடுத்தார். மெம்பர் அதை எண்ணிப் பார்த்துத்தான் பைக்குள் வைத்தார்.

அவர் ஆஸ்பத்திரிக்கும் வந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டிலோடு கட்டியிருந்த காலைப் பார்த்தபடி, "இனிமேலாச்சும் நின்னு வாப்பா" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். அப்பா படுத்தவாக்கில் அவருக்குக் கும்பிடு போட்டார்.

கால் கூடியது, ஆனால் சரியாக மடங்கவில்லை. புளியமரம் ஏறி உலுக்குவதுதான் அப்பாவின் தொழில். மாசி பங்குனியில் எங்கள் அடுப்பு எரிந்ததே அதனால்தான். அது நின்றது. அதைவிட மோசம், அப்பா அந்தத் தீர்ப்பை நம்பினார். ஏன் நொண்டுகிறீர்கள் என்று யார் கேட்டாலும் வெட்கத்தோடு சிரித்து, "எறங்கறவன் நிக்கணும்ல, நான் நிக்கல" என்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் இறங்குவார். எந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டாலும் பள்ளத்தில் இறங்கி ஒதுங்கி நிற்பார்.

பிறகு நான் ஒடுகத்தூரில் பார்சல் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, லைசென்ஸுக்காகப் படித்தபோதுதான் விதியே தெரிந்தது. திரும்புகிறவன் நிற்க வேண்டும், நேரே வருகிறவன் போன பிறகு திரும்ப வேண்டும், வருவது சைக்கிளாக இருந்தாலும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்ற பெருமையோடு வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "அது கீழ்நாட்டுச் சட்டம்டா, இது மலை" என்று படுத்துக்கொண்டார்.

போன மாதம் அதே இடத்தில் மறுபடியும் பஞ்சாயத்து. பைக்கில் இறங்கி வந்த மெம்பரின் மகன்மேல், ஏறி வந்து குறுக்கே திரும்பிய பக்கத்து ஊர் டிராக்டர் மோதிவிட்டது. பையனுக்குச் சிராய்ப்பு, பைக் நொறுங்கிப்போனது. மெம்பர் செல்போனில் சட்டத்தையே எடுத்து வந்திருந்தார். "திரும்பறவன்தான் நிக்கணும், இது கவர்மெண்ட் ரூல்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். டீக்கடைக்காரர் தலையாட்டினார். அன்று ஆடிய அத்தனை தலைகளும் அதே வேகத்தில் ஆடின. கழுத்து என்று ஒன்று இருப்பதே இவர்களுக்கு இதற்குத்தான்.

நான் எழுந்து நாட்டாமையைப் பார்த்துக் கேட்டேன். "மெம்பர் சொல்றது சரிங்க. அப்பிடின்னா எங்கப்பாவுக்கு நீங்க சொன்ன தீர்ப்பு இன்னாங்க?"

"ஏய், பழசை எதுக்குக் கிளர்ற? நாலு பரீட்சை பாஸ் பண்ணா பெரியவங்கள நிக்க வெச்சிக் கேப்பியா?" என்றார் மெம்பர்.

"கேக்கட்டும்ங்க" என்று டிராக்டர்காரர் குறுக்கிட்டார். "அவங்கப்பனுக்கு ஏர்ற வண்டி சட்டம்னா எனக்கும் அதான். காசு தர மாட்டேன். ஒரே ஊர்ல ரெண்டு சட்டமா?"

நாட்டாமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெம்பரைப் பார்த்தார். மெம்பர் கணக்குப் போட்டார், நியாயத்தை அல்ல, பைக்கின் விலையை. சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து, நான் நின்ற பக்கமாகக் கீழே போட்டார். "ஹெட்லைட் காசு. எடுத்துனு போ."

அப்பா இந்த முறை வந்திருந்தார், கடைசி வரிசையில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. பொறுக்கிய நோட்டுகளை அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"அப்ப அன்னிக்கி நான் நின்னிருக்க வேணாமாடா?"

"வேணாம்பா. அவருதான் நின்னிருக்கணும்."

வீட்டுக்குப் போகும் இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிரே மெம்பரின் பழைய வேன் ஏறி வந்தது, எங்கள் சாமைக் காசில் வாங்கிய ஹெட்லைட்டோடு. இந்த முறை அப்பா பள்ளத்தில் இறங்கவில்லை. சாலையிலேயே தன் ஓரமாக நொண்டி நொண்டி நடந்தார். ஒரு காலுக்கும், ஏறாமல் விட்ட மரங்களுக்கும், இத்தனை வருஷம் தன்னையே குற்றவாளியாக நினைத்துக் கூசியதற்கும் சேர்த்து, மெம்பருக்கும் அந்தத் தலையாட்டிகளுக்கும் கடைசியில் ஆன செலவு எண்ணூறு ரூபாய்.