பதினேழாம் பீப்பாய்

என் பெரியப்பா துப்பித்தான் பிழைத்தார். கேவலமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அவருடைய உத்தியோகமே அதுதான். பீப்பாய்களில் வந்து இறங்கும் விஸ்கியைப் பாட்டிலில் அடைத்து விற்கும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் ருசி பார்ப்பவராக இருந்தார். ஒரு வாய் எடுப்பார், மெல்லுவார், எவர்சில்வர் வாளியில் துப்புவார், தாளில் எழுதுவார். ஒரு மிடறுகூடத் தொண்டைக்குக் கீழே இறங்க விட்டதில்லை. "உலகத்துலயே துப்புறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் எங்க அண்ணன்தான்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அப்பா துப்பாத கட்சி.

கம்பெனியில் பெரியப்பாவுக்கு மூக்கர் என்று பெயர். அந்த மூக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. காலையில் டீ கிடையாது. வெங்காயம் கிடையாது. வாசனை சோப்பு, பவுடர், செண்ட் எதுவும் ஆகாது. கல்யாணமும் ஆகவில்லை. "வெங்காயம் வதக்காத, பவுடர் போடாத பொண்ணுக்கு எங்க போறது அத்தான்?" என்று அம்மா கேலி செய்வாள். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே ஒற்றை அறையில் இருந்தார், சாப்பாடு எங்களோடு. அவ்வளவு பேர் பெற்ற மூக்கை வைத்துக்கொண்டு அடுத்தவர் விவகாரத்தில் ஒருநாளும் அதை நுழைக்காத மனிதர். நுழைக்க வைத்தது நாங்கள்தான்.

அவர் வேலை செய்து நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அம்மாவோடு போயிருந்தேன். வெள்ளை ஓடு பதித்த அறை, பெரிய ஜன்னல், எந்த வாசனையும் இல்லை. அன்றைக்கு அவர் முன்னால் இருந்தது போர்பன். சோளத்தில் வடித்து, உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் ஊறவைத்த விஸ்கி. தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே எடுத்தது, நூற்றுக்கு அறுபதுக்கு மேல் ஆல்கஹால். அதில் மூக்கை விட்டால் அன்றைக்கு மூக்கு அவ்வளவுதான். அதனால் கிளாசைத் தாடைக்குக் கீழே பிடித்து, வாயைச் சற்றே திறந்துகொண்டு, வருவதை வரவிட்டார். பிறகு ஒரு சிறு வாய். துப்பல். ருசி வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். சொட்டுக்குழாயால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கிளாசுக்கும் முன்னால் முழங்கையை மடித்துத் தன் சட்டைக் கையை முகர்ந்துகொண்டார். தன் வாசனையைத் தானே முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடுமாம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து வெளியே போய்விட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், கிரீஸ் கையோடு நாளெல்லாம் இருப்பார். மாலையில் கை கழுவிவிட்டுக் குடிப்பார். ஆள் வரும் பின்னே, வாசனை வரும் முன்னே. யாரையும் அடித்ததில்லை, பாத்திரம் உடைத்ததில்லை. நல்ல குடிகாரர் என்று ஒரு இனம் இருந்தால் அதில் அவர் முதல் வரிசை. கல்லீரலுக்கு நல்ல குடிகாரர், கெட்ட குடிகாரர் என்ற பேதம் தெரியவில்லை. அம்மா மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். அங்கிருந்த டாக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் என்னை வந்து பார்க்காதீங்க. பார்த்துப் பிரயோஜனம் இல்ல."

அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். இனி ஒருநாள் குடித்து வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அப்புறம் திரும்ப மாட்டாள். "சரி. ஆனா குடிச்சேனா இல்லையான்னு யார் சொல்றது? நீ தினமும் சந்தேகப்படுவே, தினமும் சண்டை வரும்" என்றார் அப்பா. பூனைக்கு யார் மணி கட்டுவது? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். "அண்ணன் சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு பத்துக்குப் பெரியப்பா கீழே இறங்கி வந்து வாசல் கதவருகே நிற்பார். அப்பா உள்ளே வருவார். பெரியப்பா தன் சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு அப்பாவின் முகத்தருகே குனிவார். "மூக்கர் சார், சரக்கு பாஸா?" என்பார் அப்பா. "சுத்தம்" என்பார் பெரியப்பா. அம்மா காலண்டரில் அந்த நாளை அடித்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். நூற்றுப் பதினாலு நாள் அடித்தாள். அப்பாவின் முகத்தில் மஞ்சள் குறைந்தது. எனக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுக்கிறேன் என்று பின்னால் ஓடி மூச்சு வாங்கினார். எங்கள் வீட்டில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தது என்றால் அந்த நூற்றுப் பதினாலு நாள்தான்.

அந்த நாட்களின் கடைசியில்தான் பதினேழாம் பீப்பாய் வந்தது. சாப்பிடும்போது வாயைத் திறக்காத பெரியப்பா அன்று தட்டில் கை வைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

"பதினேழாம் நம்பர் பீப்பாய். அறுபத்து மூணு சதவீதம். பயந்துட்டேதான் எடுத்தேன். சுடவே இல்ல. முதல்ல சர்க்கரை கருகுற வாசனை, அடுப்புல வெச்சு மறந்துட்ட மாதிரி. அப்புறம் வனிலா. அப்புறம் மழையில நனைஞ்ச மரம். ரெண்டு சொட்டு தண்ணி விட்டேன், லவங்கப்பட்டை எழுந்து வந்துச்சு. துப்பின பிறகும் மூணு நிமிஷம் வாயிலயே நின்னுச்சு. இத்தனை வருஷத்துல குறைங்கற கட்டத்துல நான் ஒண்ணும் எழுதாம விட்டது இதுக்குத்தான்."

"சாப்பாடு ஆறுது அத்தான்" என்றாள் அம்மா.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். "ரெண்டே சொட்டுதானா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார்.

குடியை விட்டவன் எதிரில் உட்கார்ந்து குடியை அவ்வளவு அழகாகச் சொல்ல வேறு யாராலும் முடியாது, வேறு யாரும் சொல்லவும் மாட்டார்கள். பெரியப்பாவுக்கு அது வேலை. அப்பாவுக்கும் அது வெறும் வேலைப்பேச்சாகத்தான் கேட்கும் என்று நினைத்துவிட்டார். அந்தப் பீப்பாயின் முதல் பாட்டிலைக் கம்பெனி அவருக்கே கொடுத்தது. அதை அவர் அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். மேல் அறையின் மாற்றுச்சாவி எங்கள் அடுப்படி ஆணியில் தொங்கியது.

மறுவாரம் ஒருநாள் அப்பாவுக்கு அரைநாள் வேலை. யாரும் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்து, மேலே போய், திரும்பவும் வெளியே போய்ச் சுற்றிவிட்டு, ஆறு பத்துக்கு ஒன்றும் அறியாத பிள்ளையாகக் கதவைத் தட்டினார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் ஹாலில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கதவு திறந்ததும் எனக்குக் கேக் வாசனை வந்தது. கேக் வாங்கி வந்திருக்கிறார் என்று எழுந்தேன். அவர் கையில் ஒன்றும் இல்லை. அன்று அவர் சரக்கு பாஸா என்றும் கேட்கவில்லை.

பெரியப்பா குனிந்தார். நிமிர்ந்தார். சட்டைக் கையை முகர்ந்துவிட்டு மறுபடியும் குனிந்தார். அவர் இரண்டு தடவை குனிந்து நான் பார்த்ததில்லை. அப்பா அவரையே பார்த்தார். நான் பார்த்ததிலேயே மிக மோசமான பார்வை அது, கெஞ்சுகிற பார்வை. உண்மையைச் சொன்னால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரியப்பா தன் அலமாரியைத்தான் காட்ட வேண்டும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

"சுத்தம்" என்றார்.

அம்மா காலண்டரில் அடித்தாள்.

அன்றே பெரியப்பா மேலே போய் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினார். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்டா தம்பி என்று கெஞ்சியிருக்கிறார். "நேத்தோட சரி அண்ணா, உன் மேல சத்தியம்" என்றாராம் அப்பா. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. விடியக்கூட இல்லை, அன்று மாலையே போச்சு. தொட்டியில் கொட்டினால் என்ன, கடையில் மட்டச் சரக்கு இருக்கிறதே. ஒருநாள் சுத்தம் என்று சொன்னதால் மறுநாளும் சொல்ல வேண்டியிருந்தது, மறுநாள் சொன்னதால் அதற்கு மறுநாளும். ஒன்பது நாள் சொன்னார். பத்தாம் நாள் காலை அப்பா குளியலறையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். மருத்துவமனையில், அம்மா துவைத்து மடித்த விரிப்புகள் போட்ட கட்டிலிலேயே மூன்றாம் நாள் இறந்துபோனார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஒரு மாலை, ஆறு பத்துக்குப் பெரியப்பா இறங்கி வந்து வழக்கமான இடத்தில் நின்றார். அம்மா அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொன்னேன்மா" என்றார். "ஒன்பது நாளும் பொய். முதல் நாள் குடிச்சது என் அலமாரியில இருந்த பாட்டில்."

அம்மா தலை நிமிரவில்லை. "தெரியும் அத்தான்."

"தெரியுமா?"

"எனக்கும் மூக்கு இருக்கே. முதல் நாளே தெரியும். நீங்க சொல்லிடுவீங்கன்னு நின்னுட்டிருந்தேன். நீங்க சுத்தம்னீங்க. நீங்க சொல்லிட்டா நான் கிளம்பணும். கிளம்ப எனக்கு மனசு வரல. அதான், உங்க வார்த்தையே போதும்னு இருந்துட்டேன்."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்மா."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கேட்டிருப்பேன்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேக் வாசனையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்கப்புறமும் பெரியப்பா பதிமூன்று வருஷம் வேலை பார்த்தார். அடுத்த வருஷமும் அதே இடத்திலிருந்து பீப்பாய்கள் வந்தன. நல்லதை நல்லது என்றே எழுதினார். "அது நல்ல சரக்குதான். அது என்ன பண்ணும்?" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். கம்பெனி கொடுத்த பாட்டில் எதையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சாப்பிடும்போது என்ன ருசித்தார் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மாவும் இறந்துபோன பிறகு அவருக்கு நான், எனக்கு அவர் என்றானது.

போன வருஷம் அவருக்கு மூக்கு போய்விட்டது. வயதானால் அப்படித்தான் என்றார்கள். அடுப்பில் பால் கருகுவதுகூடத் தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "அன்னிக்கு உங்கப்பா உள்ள வந்தப்போ நீ எழுதிட்டிருந்தே. சட்டுன்னு எழுந்தே. எதுக்கு எழுந்தே?"

இருபத்தாறு வருஷமாக வைத்திருந்த கேள்வி. வீட்டில் ஒரு குழந்தைக்கும் தெரிந்திருந்ததா, தெரிந்துகொண்டே அதுவும் வாயை மூடிக்கொண்டு வளர்ந்ததா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

"தண்ணி குடிக்க எழுந்தேன் பெரியப்பா."

"வாசனை ஒண்ணும் வரலியா?"

"இல்லையே. சின்னப் பொண்ணு, எனக்கு என்ன தெரியும்?"

அவர் முழங்கையை மடித்துத் தன் சட்டைக் கையை முகர்ந்தார். பிறகு, செத்துப்போன அந்த மூக்கோடு, என் முகத்தருகே குனிந்தார். நான் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தேன்.

"சுத்தம்" என்றார்.

நான் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.