ஏழுமலையின் சிவப்பு அட்டை

பொன்னேரி தாண்டி ரயில் பனிக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அவரு போய்ட்டாருண்ணா," என்றார் ஏழுமலையின் மனைவி. ஜன்னலுக்கு வெளியே வயலும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் வெள்ளை. கும்மிடிப்பூண்டியில் இறங்க மறந்து ஆரம்பாக்கத்தில்தான் விழித்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் என்னை ஓட்டியிருப்பார்.

எங்கள் கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் அவரைத் தெரியாதவர் இல்லை. எலக்ட்ரீஷியன். பெருங்குடலில் புற்றுநோய். மருந்து ஏற்ற ஏற்ற விரல் நுனிகள் மரத்துப்போய், ஸ்க்ரூ டிரைவர் நழுவ ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகள் கவிதா இந்த நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். நான் பத்தாவதோடு நின்றவன். அவள் பேசும்போது தலையாட்டுவது மட்டும் நன்றாக வரும்.

"மரபணு அப்படியேதான் இருக்கும் மாமா. புத்துநோயத் தடுக்கிற சில மரபணு மேல ஒரு சின்ன ரசாயனக் குறி ஒட்டிக்கினு, அத வேலை செய்யவிடாம அணைச்சு வச்சிடுது. அந்தக் குறிய எடுக்கிற மருந்தத்தான் தேடறோம்."

ஏழுமலை துள்ளினார். "நம்ம சிவப்பு அட்டை!"

மெஷினைப் பழுது பார்க்கும்போது சுவிட்சில் சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவது எங்கள் ஆலை வழக்கம். அதை எடுக்கும்வரை யாரும் அந்த மெஷினை ஓட்டக் கூடாது. அந்த வழக்கத்தை அவர் உடம்புக்கும் கொண்டுபோய்விட்டார்.

"அப்ப அட்டைய எடுக்கிற மருந்து வரட்டும். அதுவரைக்கும் இப்ப ஏத்தற ட்ரிப்ஸ நிறுத்திடறேன்."

கவிதாவின் முகம் மாறியது. "வேணாம் மாமா. அது இன்னும் சோதனையிலதான் இருக்கு. வேண்டிய அட்டை, வேண்டாத அட்டை எல்லாத்தையும் சேத்து அவுத்துடுது. வேற மருந்தோட சேத்துக் குடுத்தும் பாக்கறாங்க. உங்களுக்கு உதவற நேரத்துக்குள்ள வருமான்னு என்னால சொல்ல முடியாது. இன்னிக்கு உங்களுக்கு இருக்கிறது ட்ரிப்ஸ்தான்."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "இத வச்சிக்கினு நான் இன்னா எலக்ட்ரீஷியன்மா?"

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவருகிட்ட போயி இன்னாத்த சொல்றது?"

ஆனாலும் மறுநாளே போய்ச் சொன்னார். டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். மரப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் சிகிச்சையை அவர் விடவில்லை. அதனால்தான் தன் மகள் கல்யாணத்தைப் பார்த்தார். சீரியல் விளக்கையும் அவரே கட்டினார். ஏணி பிடித்தவன் நான்.

"ஏணியப் புடிக்கிறியா, சாஞ்சிக்கினு தூங்கிறியாப்பா?"

பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டார். தெரு முழுக்க வெளிச்சம் நீர்போல ஓடியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "உள்ள கூட இப்டித்தாம்பா, ஒரு ஊரே கீது. சில தெருவ மட்டும் எவனோ அணைச்சி வச்சிக்கிறான். கவிதா கூட்டாளிங்க ஒருநாள் போட்டுடுவாங்க. நமக்கில்லனா இன்னா, பின்னால வர்றவனுக்கு எரியட்டும்."

மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று நினைத்து அவர் வெகுநாள் மறைத்து வைத்திருந்தார். நோய் தெரிந்த பிறகு கேன்டீனில் டீ டம்ளரோடு நின்று எல்லோரிடமும் சத்தமாகச் சொல்வார்: "பின்னாடிய காட்ட வெக்கப்பட்டா, முன்னாடி போட்டோவுக்கு மாலை போட்டுடுவானுங்க!" எல்லோரும் சிரித்தோம். எனக்கும் ரத்தம் வருவதைச் சொல்லாமல் நானும் சிரித்தேன்.

காரியம் முடிந்து வந்த அன்று கவிதாவிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை. வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு, ஓடுவதற்கும் திரும்புவதற்கும் நடுவில்தான் இதை எழுதுகிறேன். ஏழுமலையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த வெட்கம் கெட்ட தைரியம். அதையும் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன்.