சோத்தாங்கைப் பக்கம்

என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் எந்தப் பக்கம் கோளாறு என்று நான் கேட்பதில்லை. "தொட்டுக் காட்டுங்க" என்பேன். வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். கிழவனுக்கு இடது வலது தெரியவில்லை என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

புதுக்கோட்டைச் சீமையில் மோட்டார் சைக்கிளுக்கு இண்டிகேட்டர் வைத்த முதல் ஆள் நான்தான். வேறு யாராவது தான்தான் என்று சொன்னால், எந்த வருஷம் என்று கேளுங்கள், ஆள் நழுவிவிடுவான். நான் வைத்தது அறுபதுகளின் நடுவில். அப்போது கார்க்காரர்களே பலபேர் கையை வெளியே நீட்டித்தான் திரும்பினார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி ஆரம்பித்து, சொந்தமாகப் பட்டறை போட்டு, திருச்சியில் கைவிட்ட வண்டியையும் என்னிடம் தள்ளிக்கொண்டு வரும் அளவுக்கு ஆனவன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. அந்த இண்டிகேட்டர் விஷயத்தில் மட்டும் பெருமை பாதியிலேயே நின்றுபோகிறது.

அதை வைத்தது என் தங்கை வீட்டுக்காரரின் வண்டியில். மாப்பிள்ளைக்கு ஆலங்குடியில் கடலை, முந்திரி வியாபாரம். காட்டுக்கே போய்ச் செடியைப் பிடுங்கிப் பார்த்து விலை பேசுகிற ஆள். பஸ் எட்டிப் பார்க்காத ஊருக்கெல்லாம் அந்த வண்டியில்தான் போவார். ஒருநாள் நார்த்தாமலைப் பக்கம் சரளையில் சறுக்கி விழுந்து வலது தோள் நொறுங்கிவிட்டது. கட்டுப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கடைசியில் அந்தக் கை ஒரு மாதிரியாக நின்றது. பிடிக்கும், தூக்காது. ஆக்ஸிலேட்டரைத் திருகும், பிரேக்கை அமுக்கும். திரும்பும்போது வெளியே நீட்டிக் காட்ட வராது.

ஒருநாள் காட்டாமல் திரும்பியவரைப் பின்னால் வந்த லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. தங்கை வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கை காட்ட முடியாத மனுசனுக்கு எதுக்குண்ணே வண்டி? நீ ஏதாச்சும் வழி பண்ணுனாத்தான் சாவி. இல்லேன்னா பஸ்ஸுல போகட்டும்."

"பஸ்ஸுல போனா ரோட்டுலதான் எறக்கி விடுவான். காட்டுக்கு ஒங்கண்ணனா தூக்கிட்டுப் போவாரு?" என்றார் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வண்டி போனால் வியாபாரமும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

பழைய கார் ஒன்றிலிருந்து மஞ்சள் விளக்கு இரண்டைக் கழற்றினேன். சீட்டுக்குப் பின்னால் இரும்புப் பட்டை ஒன்றை வைத்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று மாட்டினேன். விட்டு விட்டு எரிய வைக்கிற டப்பியைத் திருச்சிப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தேன். இடது கைப்பிடியில் சுவிட்ச். பட்டைக்கெல்லாம் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். பார்க்கத் தங்கையும் வந்திருந்தாள்.

"இந்த வயசுல ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் கண்ணடிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"லாரிக்காரனுக்கு அடிங்க, போதும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள் தங்கை.

அன்றைக்கு என் வீட்டில் கோழி அடித்திருந்தோம். மாப்பிள்ளை வயிறு சரியில்லை என்று நின்றபடியே காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். தோள் போனதிலிருந்து இப்படித்தான். என் வீட்டில் கை நனைக்கவே இல்லை. "நம்ம வீட்டுச் சோறு ஒங்க மாப்பிள்ளைக்கு இப்ப எறங்கல போலிருக்கு" என்று என் மனைவி சொல்லிக்காட்டினாள். எனக்கும் உறுத்தியது. நாம் என்ன குறை வைத்தோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை.

சில நாளில் வண்டியோடு வந்தார்.

"சோத்தாங்கைப் பக்கம் எரியல மச்சான். தெரு முனையில திரும்பறப்ப ஒங்க தங்கச்சி பின்னாடி நின்னு பாத்திருக்கா."

சோறு தின்கிற கை சோத்தாங்கை. எங்கள் பக்கத்தில் வலது கைக்கு அதுதான் பேர், வலது என்று யார் சொன்னார்கள்? வண்டியை விட்டுவிட்டு அவர் சந்தைக்குப் போய்விட்டார். சுவிட்சைப் போட்டால் இரண்டு பக்கமும் நன்றாகவே எரிந்தது. இருந்தாலும் வலது பக்கப் பல்பை மாற்றி, சுவிட்சைச் சுரண்டிச் சுத்தம் செய்து கொடுத்தேன். திரும்ப வந்தார். வலது பக்க வயரை முழுக்க உருவிப்போட்டுப் புதிதாக இழுத்தேன். அப்புறமும் வந்தார்.

"சோத்தாங்கைப் பக்கந்தானே?"

"அட, ஆமாங்கிறேன்."

இந்தத் தடவை பட்டறை ஆள் ஒருவனைப் பின் சீட்டில் முதுகைக் காட்டி உட்காரவைத்து, வலது விளக்கிலிருந்து கண்ணை எடுக்காதே என்று சொல்லி, குடுமியான்மலை வரைக்கும் குண்டும் குழியுமான ரோட்டில் போய்விட்டு வந்தேன். வழியில் இருந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். விளக்கு ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை.

மாப்பிள்ளை வந்ததும் சொன்னேன்: "என் வெளக்கு எரியுது. பாக்குறவுக கண்ணுலதான் கோளாறு. என் வீட்டுச் சோறு மாதிரி என் வேலையும் ஒங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னா, அதை நேராச் சொல்லுங்க."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே சாவி மறுபடியும் தங்கை இடுப்புக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அப்புறம் வண்டியை ஒரு தேங்காய் வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

மழைக்காலம் முடிந்து அந்தத் தேங்காய் வியாபாரி வண்டியை என்னிடமே கொண்டுவந்தார். "ஆட்டம் வந்தா இது அணைஞ்சுருதுங்க" என்று விளக்கைத் தட்டிக் காட்டினார். அவர் தட்டியது இடது பக்கத்தை.

கழற்றிப் பார்த்தேன். விளக்கின் கால் இரும்பில் படவேண்டும். பட்டால்தான் எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போக வழி, கிடைக்கும். நான் பளபளவென்று அடித்த பெயிண்டின் மேலேயே அது உட்கார்ந்திருந்தது. திருகாணி மட்டும் ஒரு ஓரமாகத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டி நின்றால் எரியும், குலுங்கினால் அணையும். கத்தியால் பெயிண்டைச் சுரண்டி இறுக்கினேன். வாங்கிவரச் சொன்ன டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

டீயைக் குடிக்கத் தோன்றவில்லை. பின் எதற்கு அந்த மனுஷன் சோத்தாங்கை, சோத்தாங்கை என்றார்? பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஆலங்குடி பஸ்ஸில் ஏறினேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கதவு ஒருக்களித்திருந்தது. தங்கச்சி வீடுதானே என்று நேரே அடுப்படிக்குப் போனேன். மாப்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இடது கையால். என்னைக் கண்டதும் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். வேட்டியெல்லாம் குழம்பு.

"தோளு போனதுலேர்ந்து வாய் வரைக்கும் அந்தக் கை வரலண்ணே" என்றாள் தங்கை மெதுவாக. "இந்தக் கையால திங்கிறத யாரும் பாக்கக்கூடாதும்பாரு. ஒன் வீட்டுல ஒக்காராததும் அதுக்குத்தான்."

"என்ன செய்யிறது மச்சான்" என்றார் அவர். "இப்ப எனக்குச் சோத்தாங்கை இதுதான்."

நான் கேட்டேன்: "மாப்பிள்ளை, வெளக்கு எரியலன்னு சொன்னீங்களே, அது எந்தப் பக்கம்?"

யோசிக்காமல் அந்தச் சோற்றுக் கையைத்தான் தூக்கினார். தூக்கியவர் அதையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். தங்கைக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

"வண்டிய திரும்ப வாங்கிருவோம். இப்ப நல்லா எரியுது" என்றேன்.

"வேணாம் மச்சான். காட்டுக்குப் போறதையே விட்டுட்டேன். கடைக்கு வர்றத வாங்கிக்கிறேன்." கடைக்கு வருவது மற்றவர்கள் பொறுக்கிவிட்டுப் போன மிச்சம். எனக்கே தெரிந்த விஷயம் அது, அவருக்குத் தெரியாதா?

எனக்கும் சோறு போடு என்று தங்கையிடம் சொல்லி, அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பசியில்லாமலேயே தின்றேன். கடலை விலை, மழை என்று ஏதேதோ பேசினேன். அவரும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், அவர் தட்டில் சோறு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. நான் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் அந்தக் கை மடியைவிட்டு வெளியே வரவில்லை.