புஷ்பலீலா ஏற்றிய டர்போ

புஷ்பலீலா தன் கார் சாவியை யாருக்கும் கொடுக்கமாட்டாள். எங்கள் காப்பார் ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அவளுடைய அண்ணன் ஜீவரத்தினத்துக்கு மட்டும் தெரியாது. இல்லை, தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை.

கிளாங் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள் அவள். அந்த இரண்டு கதவு சத்ரியா காரை சொந்தச் சம்பளத்தில் வாங்கினாள். பழைய கார்தான், ஆனால் வளைவில் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும். நேர் ரோட்டில்தான் இழுவை போதாது. பட்டறைக்காரர்கள் வருசா வருசம் நடத்தும் நானூறு மீட்டர் ஓட்டத்தில் கண்டவனும் அவளை முந்திக்கொண்டு போனான். அதிலும் அண்ணன் முந்திவிட்டு, ஜன்னல் வழியே கையை வேறு ஆட்டிக்காட்டினான்.

இழுவை வேண்டுமென்றால் எங்கள் ஊரில் இரண்டு வழி. இருக்கிற எஞ்சினுக்கே காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ ஏற்றலாம். இல்லையென்றால் எஞ்சினையே கழற்றிக் கடாசிவிட்டு ஹாஃப்-கட் எஞ்சின் போடலாம். ஜப்பானில் கழித்துவிட்ட காரின் முன்பாதியை அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து விற்கிறார்களே, அதிலிருந்து எடுப்பது. நான் வயர்மேன். எஞ்சின் மாற்றினால் கார் முழுக்கப் புது வயர் இழுக்க வேண்டும். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. அப்படியிருந்தும் நான் இந்தப் பெண்ணின் பக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடும் கியோங்கின் பட்டறைக்கு அண்ணன் ஜீவா லாரியில் ஒரு ஹாஃப்-கட்டை ஏற்றிக்கொண்டு வந்தான். பெரிய எஞ்சின். டர்போவோடு செய்தது.

"பாப்பா, ஒனக்குத்தான். காசு ஒண்ணும் வேணாம்" என்றான்.

முப்பத்து மூன்று வயதுப் பாப்பா எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்தாள். "இத போட்டா வண்டிய யாரு ஓட்றது?"

"பந்தயத்துக்கு நான் ஓட்றேன் லா. இத மிதிச்சா ஸ்டேரிங் கையப் பிச்சிட்டுப் போயிரும், ஒன்னால புடிக்க முடியாது. மத்த நாள்ல நீ தாராளமா மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போ."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துறைமுகத்துல நாளெல்லாம் மூணு மூணு டன்னா தூக்கி வைக்கிறேன். அங்க எவனும் எங்கிட்டேருந்து ஸ்டேரிங்கப் புடுங்கல" என்றாள் அவள். "எடுத்துட்டுப் போண்ணே. என் எஞ்சினுக்கு நான் டர்போ ஏத்திக்கிறேன்."

கியோங் கையைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தார். "தங்கச்சி, கேளு. ஒன் எஞ்சின் டர்போவுக்குச் செஞ்சது இல்ல. கொஞ்சமா காத்து குடுத்தா ஓடும். ஆசப்பட்டுக் கூட்டினா பிஸ்டன் ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா யாரு எஞ்சின் ஒடையும், தவுக்கே?"

"ஒன்னுதுதான்."

"அப்புறம் என்ன? ஏத்துங்க."

கியோங் சொன்னதில் பொய் இல்லை. பெரிய எஞ்சின்தான் நியாயமான வழி என்று நானும் அடித்துச் சொல்வேன். ஆனால் அதைப் போட்டால் அது அண்ணன் எஞ்சின், அண்ணன் வேகம். ஜெயித்தாலும் அண்ணன் புண்ணியத்தில் ஜெயித்ததாகத்தான் ஊர் பேசும். அவளுக்கு வேகம் மட்டும் போதாது, ஓட்டுகிற இடமும் வேண்டும். இதில் என்ன தப்பு?

டர்போ ஏறியது. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டேரிங் பக்கத்தில் ஒரு திருகு வைத்துக் கொடுத்தேன்.

ஓட்டத்தன்று முதல் சுற்றில் நேரம் மட்டும் பார்க்க ஒவ்வொரு காராக விட்டார்கள்; முதலில் ஜீவா தன் காரை ஓட்டினான். அவன் காரிலும் ஹாஃப்-கட் எஞ்சின்தான். அடுத்து இவள். சத்ரியா விசிலடித்துக்கொண்டு கிளம்பியது. நேரத்தை அறிவித்தபோது அண்ணனைவிட அரை வினாடி குறைவு. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"பின்னாலேருந்து காத்து அடிச்சிருக்கு" என்றான் ஜீவா. பிறகு அவள் ஜன்னலில் குனிந்து, "சரி பாப்பா, ஒன் ஆச தீந்துச்சுல்ல. அடுத்த ரவுண்டு குடு, நான் ஓட்றேன். இன்னும் நல்லா வரும்" என்று கையை நீட்டினான்.

அவள் திருகைப் பிடித்து ஒரே திருப்பு.

"ஹை, ஹை! கூட்டாத!" என்று கியோங் பதறினார். அதற்குள் ஜன்னல் கண்ணாடி ஏறிவிட்டது.

இரண்டாவது சுற்றில் சத்ரியா பாதி தூரம் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு பட்டென்று ஒரு சத்தம். நீலப்புகை. கார் தடுமாறி ரோட்டின் நடுவில் நின்றுபோனது. எல்லாரும் ஓடினோம். ஜீவாதான் முதலில் போய்ச் சேர்ந்தான்.

"சொன்னேனா இல்லயா? நாளைக்கே அந்த எஞ்சின ஏத்திருவோம். எறங்கு. நான் ஸ்டேரிங்கப் புடிக்கிறேன், நீ பின்னால போயி தள்ளு."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்த எஞ்சின்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம். ஆனால் பெல்ட்டில்கூடக் கை வைக்கவில்லை.

"ஒன் எஞ்சின் எனக்கு வேணாம்" என்றாள். "இதுக்கே கெட்டியான பிஸ்டனா போட்டு அடுத்த வருசமும் வருவேன். நாந்தான் ஓட்டுவேன்."

"அது அப்புறம் பேசலாம். மொதல்ல எறங்கு."

"எறங்க மாட்டேன். நீ தள்ளு."

பின்னால் அடுத்த கார்கள் ஹார்ன் அடித்தன. வேலியோரம் நின்ற கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஜீவா என்னைப் பார்த்தான், கியோங்கைப் பார்த்தான். நாங்கள் இருவருமே அசையவில்லை.

அவள் கியரை எடுத்து, பிரேக்கை விட்டாள். ஜீவரத்தினம் பின்பக்கம் போய்க் குனிந்து கையை வைத்தான்.